ரால்ஃப் ஸ்டைன்ஹவர்: ஏறுமுகக் கதையில் விட்டுப்போன நிலம்

கனடாவின் மேற்கு மாகாணங்களில் துணைநிலை ஆளுநராக இருந்தவர்களைப் பற்றிய சின்னச் சின்ன வாழ்க்கைக் குறிப்புகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எல்லாம் ஒரே ஆளைப் பற்றி எழுதியது மாதிரி தோன்ற ஆரம்பித்துவிடும். கிழக்கே எங்கேயோ பிறப்பு, ரயில் பாதை போட்ட காலத்தில் மேற்கே பயணம், புல்வெளியை உழுது விவசாயம், ஊர்ப் பொறுப்பு, சட்டமன்றம், அமைச்சர் பதவி, கடைசியில் ஆளுநர் மாளிகை. சஸ்காட்சுவனின் ஆர்ச்சிபால்ட் மக்நாப் இதற்கு நல்ல உதாரணம். ஒன்டாரியோவின் கிளென்கேரியில் 1864ல் பிறந்தவர், 1882ல் மேற்கே வந்தார், விவசாயம் பார்த்தார், 1908ல் சட்டமன்றத்துக்குப் போனார், அமைச்சரானார், 1936ல் துணைநிலை ஆளுநரானார். 1939ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அந்தப் பக்கம் வந்தபோது வரவேற்றவர் இந்த விவசாயிதான்.

இந்த அச்சு எனக்குப் பிடிக்கும், மறைக்க ஒன்றுமில்லை. ஏர் பிடித்தவன் மன்னருக்குக் கை கொடுக்கிற கதை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அதே அச்சில் ரால்ஃப் ஸ்டைன்ஹவரையும் போட்டு வார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலுக்குக் காரணம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்டைன்ஹவர் பற்றி வழக்கமாகக் கிடைக்கிற குறிப்பு இப்படி இருக்கும்: கிரீ பூர்வகுடியைச் சேர்ந்தவர். ஆல்பர்ட்டாவின் சாடில் லேக்கில் விவசாயம் செய்தவர். தன் மக்களின் தலைவராக இருந்தவர். மாகாணத் தேர்தலில் நின்றவர். 1974ல் ஆல்பர்ட்டாவின் துணைநிலை ஆளுநரானவர், கனடாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி. அதற்கப்புறம் விருதுகள், 1987ல் மறைவு. எல்லாம் உண்மைதான், ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் இந்த வரிசையில் 1974தான் மலை உச்சி, மற்றதெல்லாம் ஏறிவந்த படி. என் வாதம் சுருக்கமாக இதுதான்: இந்த வாழ்க்கையின் முக்கியமான வருஷம் 1974 இல்லை, 1977. அதை நடுவில் வைத்துப் படித்தால் முன்னாடி வருகிற ‘விவசாயி’ என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

முதலில் அந்தப் பதவி என்ன என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் துணைநிலை ஆளுநர் என்றால் புதுச்சேரி, டெல்லி ஞாபகம் வரும். கனடாவில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு மாகாணத்தின் ஆளுநருக்கும் பெயரே அதுதான். பிரதமரின் ஆலோசனைப்படி தலைமை ஆளுநர் நியமிக்கிறார். சட்டமன்றம் நிறைவேற்றுகிற எந்த மசோதாவும் இவர் கையெழுத்தில்லாமல் சட்டமாகாது. 1867ம் வருஷத்து அரசியலமைப்புச் சட்டப்படி, இவர் ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், அல்லது ஒட்டாவாவின் பரிசீலனைக்கு ஒதுக்கி வைக்கலாம். நம் அரசியலமைப்பின் 200வது பிரிவைப் படித்தவர்களுக்கு இந்த மூன்று வழியும் ரொம்பப் பழக்கமானவை. இரண்டும் ஒரே பிரிட்டிஷ் வேரில் முளைத்தவை. நடைமுறையில் கனடாவில் அந்தக் கையெழுத்து ஒரு சடங்கு. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு சொன்னால் போட வேண்டியதுதான்.

இனி விவசாயத்துக்கு வருவோம்.

மக்நாப் மாதிரியான குடியேறிகள் மேற்கே வந்ததற்கு அடிப்படை 1872ம் வருஷத்து நிலச் சட்டம். பத்து டாலர் பதிவுக் கட்டணம் கட்டு, 160 ஏக்கரை எடுத்துக்கொள், குறிப்பிட்ட வருஷம் குடியிருந்து உழு, நிலம் உன் பேருக்கு வரும். நம் பாஷையில் சொன்னால் பட்டா கையில். அந்தப் பட்டாவை வைத்து வங்கியில் கடன் வாங்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். மக்நாப் தலைமுறையின் ஏறுமுகத்துக்கு இந்தக் காகிதம்தான் முதல் படி.

பூர்வகுடிகளுக்கு அந்தப் படி இல்லை. 1876ல் வந்த சட்டம், அதன் பெயரே ‘இந்தியர் சட்டம்’ (நம்மைச் சொல்லவில்லை, கொலம்பஸின் தவறு சட்டப் புத்தகத்திலும் தங்கிவிட்டது), மானிடோபாவிலும் வடமேற்குப் பிரதேசத்திலும் இந்தியர்கள் இந்தக் குடியேற்ற நிலத்தைக் கேட்டு வாங்க முடியாது என்று தடை போட்டது. அவர்களுக்கென்று ஒதுக்கிய ரிசர்வ் நிலத்தில்தான் அவர்கள் உழ வேண்டும். அந்த நிலத்தின் சட்டபூர்வ உரிமை யார் பேரில்? மகுடத்தின் பேரில். மகுடம் என்றால் ராஜா தலையில் இருக்கிற பொருள் இல்லை. கனடா சட்டத்தில் அரசு என்ற சட்ட ஆளுக்கு அதுதான் பெயர். குழுவின் பயன்பாட்டுக்காக மகுடம் வைத்திருக்கிற நிலம், அவ்வளவுதான். உழுகிறவன் அதை வெளியாள் யாரிடமும் அடமானம் வைக்க முடியாது. வங்கிக் கதவு சாத்தியே இருந்தது.

அதோடு முடியவில்லை. புல்வெளி மாகாணங்களில் ரிசர்வ் விவசாயி தன் தானியத்தையோ மாட்டையோ வெளியே விற்க வேண்டுமானால், இந்தியர் விவகார அதிகாரியிடம் பெர்மிட் வாங்க வேண்டும். விளைவித்தவன் அவன், ஆனால் விற்கலாமா வேண்டாமா என்று சொல்கிறவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவர். 1889லிருந்து சில வருஷங்கள் ஹேய்ட்டர் ரீட் என்ற அதிகாரியின் தலைமையில் இன்னொரு கொள்கையும் ஓடியது. பக்கத்து வெள்ளைக்கார விவசாயிகள் இயந்திரத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ரிசர்வ் விவசாயிகள் சின்னத் துண்டு நிலத்தில் கைக்கருவியை மட்டும் வைத்து விவசாயம் பண்ணணும் என்று கட்டாயப்படுத்தினார்கள். ஐரோப்பியக் குடியானவன் மாதிரி படிப்படியாக வளரணுமாம். இந்த வரலாற்றை விரிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் சாரா கார்ட்டர் 1990ல் வெளியிட்ட ‘லாஸ்ட் ஹார்வெஸ்ட்ஸ்’ புத்தகத்தைத் தேடிப் படிக்கலாம். ‘இந்தியர்களுக்கு விவசாயம் வரவில்லை’ என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்த கதையை ஆவணங்களை வைத்து உடைத்த புத்தகம் அது.

ஸ்டைன்ஹவர் பிறந்தது 1905 ஜூன் 8, மார்லி என்ற ஊரில். ஆல்பர்ட்டா மாகாணம் உருவானது அதே வருஷம் செப்டம்பர் 1. ஆக, தான் பின்னால் ஆளுநராகப் போகும் மாகாணத்தைவிட அவருக்கு மூன்று மாதம் வயது கூடுதல். மானிடோபாவில் பிராண்டன் ஊரின் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளிகளின் கதை இன்று உலகத்துக்கே தெரியும். 1928ல் இசபெல் டேவிட்சனைத் திருமணம் செய்தார். சாடில் லேக்கில் விவசாயத்தில் இறங்கினார். அப்போதும் பெர்மிட் முறை சட்டத்தில் இருந்தது. மக்நாப்பையும் இவரையும் ‘விவசாயி’ என்ற ஒரே சொல்லில் அடைக்கும்போது காணாமல் போவது இதுதான். ஒருவருக்கு நிலம் ஏணி. இன்னொருவருக்கு நிலம் வேலி போட்ட வளாகம். அதற்குள்ளேயே வெற்றிகரமான விவசாயி என்று பேர் எடுத்தார் என்றால், அந்த வெற்றியின் கனம் எவ்வளவு என்று குறிப்பில் ஒரு வரியாவது வரவேண்டாமா?

இதில் இன்னொரு சரடும் இருக்கிறது. சாடில் லேக் இருப்பது ஆறாம் உடன்படிக்கைப் பகுதியில். 1876ல் கார்ல்டன் கோட்டையிலும் பிட் கோட்டையிலும் அந்த உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் விவசாயத்தைப் பற்றிய பகுதி கொஞ்சநஞ்சம் இல்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் கணக்கில் ரிசர்வ், உழுகிற குடும்பங்களுக்கு மண்வெட்டி, மூன்று குடும்பத்துக்கு ஒரு கலப்பை என்று கருவிகள்வரை எழுதி வைத்திருக்கிறார்கள். காட்டெருமைக் கூட்டம் அழிந்துகொண்டிருந்த காலம். ‘எங்களுக்கு உழக் கற்றுக்கொடுங்கள், கருவி கொடுங்கள்’ என்று பேரம் பேசியவர்கள் கிரீ தலைவர்கள்தான். மகுடத்தின் சார்பில் பேசிக் கையெழுத்துப் போட்டவர் அலெக்சாண்டர் மாரிஸ். அவர் பதவி? வடமேற்குப் பிரதேசத்தின் துணைநிலை ஆளுநர். அந்தப் பிரதேசத்திலிருந்து பிரித்தெடுத்ததுதான் ஆல்பர்ட்டா. அதாவது 98 வருஷம் கழித்து, அந்த மேசையின் எதிர்ப்பக்கம் இருந்தவர்களின் வழியில் வந்த ஒரு விவசாயி, மாரிஸ் உட்கார்ந்திருந்த பக்கத்து நாற்காலிக்குப் போகிறார்.

அரசியல் பகுதியைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடலாம். 1927லிருந்து 1951வரை, நில உரிமைக் கோரிக்கைக்காக இந்தியர்களிடம் பணம் திரட்டுவதே குற்றம். வக்கீல் வைக்கக்கூட வழியில்லை. அந்தத் தடை இருக்கும்போதே 1939ல் ஆல்பர்ட்டா இந்தியர் சங்கம் பிறந்தது. ஸ்டைன்ஹவர் அதில் வேலை செய்தார், சாடில் லேக்கின் ஆலோசனைக் குழுவிலும் பின்னர் தலைவர் பொறுப்பிலும் இருந்தார். 1960ல்தான் எல்லாப் பூர்வகுடிகளுக்கும் கூட்டாட்சித் தேர்தலில் நிபந்தனையில்லாத வாக்குரிமை வந்தது. ஆல்பர்ட்டா மாகாணத் தேர்தலில் அது 1965. இவர் லிபரல் வேட்பாளராக மாகாணத் தேர்தலில் நின்றது 1963. அந்தத் தேர்தலில் எர்னஸ்ட் மேனிங்கின் சோஷியல் கிரெடிட் கட்சி 63 இடங்களில் 60ஐ அள்ளிக்கொண்டு போனது. ஸ்டைன்ஹவர் தோற்றதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

1974 ஜூலை 2ல் பதவியேற்கிறார். நியமித்தது பியர் ட்ரூடோவின் லிபரல் அரசு. இதற்கு முன் இருந்த கிராண்ட் மெக்யூவனும் ஆல்பர்ட்டா லிபரல் கட்சியின் முன்னாள் தலைவர், தேர்தலில் தோற்றவர்தான். ஒட்டாவாவில் ஆளும் கட்சி தன் மாகாணத்து ஆட்களுக்கு இந்தப் பதவியைத் தருவது பழைய வழக்கம், அதில் ரகசியம் இல்லை.

ஆனால் காலத்தைப் பாருங்கள். இதே ட்ரூடோ அரசு 1969ல் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. இந்தியர் சட்டத்தை ஒழித்து, தனி அந்தஸ்தையும் எடுத்துவிட்டு, எல்லோரையும் ‘சமமான குடிமக்கள்’ ஆக்கிவிடலாம் என்பது யோசனை. சமத்துவம்னு கேட்க நல்லாத்தான் இருக்கும். உடன்படிக்கைகளின் கதி என்ன என்று பூர்வகுடிகள் கேட்டார்கள். ஆல்பர்ட்டா இந்தியர் சங்கம் ஹெரால்ட் கார்டினல் தலைமையில் 1970ல் பதில் அறிக்கை கொடுத்தது. அதை ‘சிவப்பு அறிக்கை’ என்றே சொன்னார்கள். ஒட்டாவா பின்வாங்கியது. 1973 ஜனவரியில் கால்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பூர்வகுடிகளின் நில உரிமை குடியேற்றத்துக்கு முன்பிருந்தே இருந்த ஒன்று என்று ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் இந்த நியமனம். இதையெல்லாம் விட்டுவிட்டு ‘முதல் பூர்வகுடி ஆளுநர்’ என்று மட்டும் எழுதினால், யாரோ நல்ல மனசோடு கதவைத் திறந்துவிட்டது மாதிரி இருக்கும். உண்மையில் கதவுக்கு வெளியே பெரிய தள்ளுமுள்ளு நடந்துகொண்டிருந்தது.

1976ல், ஆறாம் உடன்படிக்கையின் நூற்றாண்டையொட்டி, ஆல்பர்ட்டாவின் பூர்வகுடித் தலைவர்களோடு லண்டன் போய் எலிசபெத் அரசியைப் பார்க்கிறார். கிரீ தலைவரின் உடையில், இறகுத் தலையணியோடு. வாழ்க்கைக் குறிப்புகளுக்குப் பிடித்த காட்சி இது. ஒருத்தர் உடம்பிலேயே உடன்படிக்கையின் இரண்டு தரப்பும் நின்றது என்று நான் இதைப் படிக்கிறேன். அவரும் அப்படி நினைத்துத்தான் அந்த உடையில் போனாரா என்பதை நான் முடிவு பண்ண மாட்டேன். ஆனால் தங்கள் உடன்படிக்கை மாகாண அரசோடு இல்லை, மகுடத்தோடு என்பது அந்தத் தலைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த விஷயம்.

இப்போது 1977. இங்கே கொஞ்சம் சட்டம் வரும், பொறுமையாக வாருங்கள், நமக்குத் தெரிந்த விஷயம்தான்.

நம் ஊரில் நிலம் வாங்குகிறவர் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். அந்த நிலத்தின் மேல் வேறு யாருக்காவது பாத்தியதை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. கனடாவின் நிலப் பதிவுச் சட்டங்களிலும் இதை ஒத்த ஒரு ஏற்பாடு உண்டு. ‘இந்த நிலத்தில் எனக்கு உரிமை இருக்கிறது, யாரும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்’ என்று ஒருவர் பதிவேட்டில் ஆட்சேபணைக் குறிப்பு ஏற்றலாம். அந்தக் குறிப்பு நிலத்தை யாருக்கும் சொந்தமாக்காது. ஆனால் பிறகு வாங்குகிறவர், குத்தகை எடுக்கிறவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. சுருக்கமாகச் சொன்னால், நிலத்தின் மேல் வில்லங்கம் ஏறிவிடும்.

1973ல் வடமேற்குப் பிரதேசத்தில் ஃபிரான்சுவா பாலெட்டும் மற்றத் தலைவர்களும் இந்த வழியைத்தான் பிடித்தார்கள். 1975ல் வடக்கு ஆல்பர்ட்டாவில் லூபிகன் உட்பட ஒதுக்குப்புறமான ஏழு பூர்வகுடிக் கிராமங்கள் அதே மாதிரி குறிப்பு ஏற்றக் கேட்டன. அந்த வடக்குப் பகுதியில்தான் எண்ணெய் மணல் இருக்கிறது. 1930லிருந்து ஆல்பர்ட்டாவின் பொது நிலமும் அதன் கனிமமும் மாகாணத்தின் கையில். அதே 1975ல் ஆல்பர்ட்டா அரசு சின்க்ரூட் எண்ணெய் மணல் திட்டத்தில் 10 சதவீதப் பங்குதாரராகவும் ஆகியிருந்தது. வில்லங்கம் ஏறினால் குத்தகை எடுக்கிற நிறுவனங்கள் யோசிக்கும். பீட்டர் லாஹீட் அரசுக்கு அது பெரிய தலைவலி.

1976 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பாலெட் வழக்கைத் தள்ளியது. காரணம், அந்தப் பிரதேசத்துக்கான கூட்டாட்சிச் சட்டம், இன்னும் யார் பேருக்கும் பட்டா கொடுக்காத மகுட நிலத்தின் மேல் குறிப்பு ஏற்ற இடம் தரவில்லை. ஆனால் சில மாகாணங்களின் சட்ட வாசகம் வேறு என்பதையும் தீர்ப்பு தொட்டுக்காட்டியது. ஆல்பர்ட்டா அதில் ஒன்று. அப்படியானால் ஏழு கிராமங்களின் வழக்கு ஜெயிக்க வாய்ப்பு இருந்தது. மாகாண அரசும் அதைப் படித்தது. 1977ல் வந்தது 29வது மசோதா: நிலப் பதிவுச் சட்டத் திருத்தம். பட்டா கொடுக்காத மகுட நிலத்தின் மேல் இப்படிக் குறிப்பு ஏற்ற முடியாது. அதுவும் முன்தேதியிட்டு, ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருக்கிற வழக்கையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி.

சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தது, நிறைவேறியது. கடைசியாக ஒரு கையெழுத்து. அந்த மேசையில் இருந்தவர் சாடில் லேக் விவசாயி.

ஸ்டைன்ஹவர் உடனே போட்டுவிடவில்லை. அந்த மசோதா தனக்கு உவப்பில்லை என்பதை வெளியே தெரியவிட்டார். ஒப்புதலை மறுக்கலாமா என்று யோசித்தார், சட்ட ஆலோசனை கேட்டார். கடைசியில் கையெழுத்திட்டார்.

மறுத்திருக்க முடியுமா? முன்னுதாரணம் அதே மாகாணத்திலேயே இருந்தது. 1937ல் ஆல்பர்ட்டாவின் துணைநிலை ஆளுநர் ஜான் போவன், ஆபர்ஹார்ட் அரசின் மூன்று மசோதாக்களை ஒதுக்கி வைத்தார். இரண்டு வங்கிகளைக் கட்டுப்படுத்துபவை, மூன்றாவது பத்திரிகைகளைக் கட்டுப்படுத்துவது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் மூன்றும் மாகாண அதிகாரத்துக்கு மீறியவை என்றது. ஆபர்ஹார்ட் கோபத்தில் ஆளுநர் மாளிகையையே 1938ல் மூடி, போவனை வெளியே அனுப்பிவிட்டார். இன்னொன்று 1961: சஸ்காட்சுவனில் ஃபிராங்க் பஸ்டீடோ கனிம ஒப்பந்தங்கள் பற்றிய ஒரு மசோதாவை ஒதுக்கி வைத்தார். பிரதமர் டீஃபன்பேக்கர் அதை எதிர்பார்க்கவே இல்லை. ஒட்டாவாவே ஒப்புதல் கொடுத்து விஷயத்தை முடித்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். போவனுக்குப் பின்னால் ஒட்டாவா இருந்தது, வங்கிகள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன. பஸ்டீடோவுக்குப் பின்னால் யாருமில்லை. ஆளுநரின் பேனாவுக்குச் சொந்த பலம் கிடையாது, பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது எழுதும். ஸ்டைன்ஹவர் மசோதாவை ஒதுக்கியிருந்தால் அது ட்ரூடோ அமைச்சரவைக்குப் போயிருக்கும். அந்த ஒட்டாவாவும் சின்க்ரூட்டில் 15 சதவீதம் வைத்திருந்தது. முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இதற்கு மேலும் ஒரு சிக்கல். தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர், தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் மசோதாவைத் தன் மனசாட்சிப்படி நிறுத்தலாமா? தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதற்கு ‘நிறுத்தலாம்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து மசோதாக்களைக் கிடப்பில் போட்டதற்காக மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஏப்ரலில் தீர்ப்பு வாங்கியதைப் பார்த்தவர்கள் நாம். நல்ல காரணத்துக்கு நிறுத்தலாம் என்றால், கெட்ட காரணத்துக்கு நிறுத்துகிறவரும் ‘என்னுடையது நல்ல காரணம்தான்’ என்பார். அதனால் ‘ஸ்டைன்ஹவர் மறுத்திருக்கணும்’ என்று நான் எழுத மாட்டேன்.

ஆனால் கேள்வி அங்கே முடியவில்லை. ஆளுநர் தடுக்கக் கூடாது, சரி. சட்டமன்றத்தில் அந்த ஏழு கிராமங்களின் பலம் என்ன? எண்ணிக்கையில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் அவர்கள் போகக்கூடிய ஒரே இடம் நீதிமன்றம். 29வது மசோதா அவர்கள் உரிமைக் கோரிக்கை தவறு என்று வாதாடவில்லை. அதைச் சொல்லக்கூடிய இடத்தை மூடியது. முடிவு வருவதற்கு முன் பதிவேட்டை இழுத்துப் பூட்டியது. அந்தப் பூட்டில் சாவி திருப்ப, உடன்படிக்கைக்காரர் ஒருவரின் கை தேவைப்பட்டது. ஆட்களுக்கு மரியாதை செய்துவிட்டு உரிமையை மறுப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஆவணம் எனக்குத் தெரியாது.

இவரைப் பற்றிய எழுத்தில் இரண்டு வழக்கமான வாசிப்புகள் இருக்கின்றன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

ஒன்று, கொண்டாடும் வாசிப்பு. 1974ஐ உச்சியில் வைத்து, 1977ஐ ஒரு துணை வாக்கியத்தில் கடந்துபோவது. நம் ஊரிலும் ‘முதல்’ பட்டியல் போடுவதில் நாம் சளைத்தவர்கள் இல்லை. இந்தச் சமூகத்திலிருந்து இந்தப் பதவிக்கு முதல் ஆள் என்று எழுதிவிட்டு, அந்தப் பதவியில் அவரால் என்ன செய்ய முடிந்தது, எது முடியாமல் கட்டியிருந்தார்கள் என்று கேட்க மறந்துவிடுவோம்.

இன்னொன்று, ஒதுக்கும் வாசிப்பு. காட்சிக்கு வைத்த பொம்மை, கையெழுத்துப் போட்டுவிட்டார், அவ்வளவுதான் என்பது. கேட்கக் கூர்மையாக இருக்கிறது. ஆனால் பொம்மை வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்காது. ஒரு நிலப் பதிவுத் திருத்தம், வழக்கமாக நாலு பேர் கவனிக்காமல் போயிருக்கும். அவர் தயங்கியதால்தான் அது ஆல்பர்ட்டாவின் அரசியலமைப்பு வரலாற்றில் இன்றும் பேசப்படுகிற விஷயமாக நிற்கிறது. அந்தத் தயக்கத்துக்கு விலை உண்டு. தன் மக்களிடமும் முழுப் பாராட்டு கிடைக்காது, அரசிடமும் நம்பிக்கை குறையும். அதைத் தெரிந்தே செய்தவரைப் பொம்மை என்பது, அவர் வாழ்நாள் முழுக்க இந்தியர் அதிகாரிகள் அவரைப் பார்த்த பார்வையையே திரும்ப எடுத்துக்கொள்வது.

பிறகு என்ன நடந்தது என்றும் குறிப்புகளில் வருவதில்லை. அந்தச் சட்டத்தோடு ஏழு கிராமங்களின் வழி அடைபட்டது. லூபிகன் பகுதிக்குச் சாலை போனது, எண்ணெய் நிறுவனங்கள் போயின, வேட்டையும் கண்ணி வைத்துப் பிழைப்பதும் படுத்தன. லூபிகன் மக்கள் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவரை போனார்கள். 1990ல் அந்தக் குழு, அவர்களின் பண்பாட்டு வாழ்வுரிமை மீறப்பட்டிருக்கிறது என்றது. கடைசியில் 2018ல் உடன்பாடு: 246 சதுர கிலோமீட்டர் நிலம், 113 மில்லியன் டாலர். 1977லிருந்து எண்ணினால் 41 வருஷம். விளைபொருள் விற்க பெர்மிட் கேட்கும் பிரிவுகள் இந்தியர் சட்டத்திலிருந்து முழுசா நீங்கியது 2014ல்.

ஸ்டைன்ஹவர் 1979ல் பதவியை விட்டிறங்கினார். அதன் பிறகு மானிடோபாவில் இவான் டூமான், பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்டீவன் பாயின்ட் என்று பூர்வகுடி ஆளுநர்கள் வந்தார்கள். 2021ல் மேரி சைமன் நாட்டின் தலைமை ஆளுநரே ஆனார். ஒவ்வொரு நியமனத்தின்போதும் ஸ்டைன்ஹவர் பெயர் ‘முதல்’ என்ற அடைமொழியோடு திரும்ப வரும். தவறில்லை. ஆனால் என்னிடம் அந்தக் குறிப்பைத் திருத்தச் சொன்னால் இப்படித்தான் எழுதுவேன்:

ரால்ஃப் ஸ்டைன்ஹவர் (1905-1987), சாடில் லேக்கின் கிரீ விவசாயி. தான் உழுத நிலத்துக்குப் பட்டா வாங்கச் சட்டம் அவருக்கு இடம் தரவில்லை. அந்த நிலம் மகுடத்தின் பேரில் இருந்தது. 1974ல் ஆல்பர்ட்டாவில் மகுடத்தின் பிரதிநிதியானார். 1977ல், வடக்குப் பூர்வகுடிக் கிராமங்கள் தங்கள் நில உரிமையைப் பதிவு செய்வதைத் தடுக்கும் மசோதா அவர் மேசைக்கு வந்தது. மறுக்கலாமா என்று யோசித்தார், ஆலோசனை கேட்டார், கையெழுத்திட்டார்.

வழக்கமான குறிப்பைவிட நாலு வரி கூடுதல். அதற்கு இடம் பத்தவில்லை என்றால் விருதுகளின் பட்டியலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.